காது மெஷின்காரி

பதினான்கு வருடம் நான் காது மெஷின் விற்றேன். படித்தது என்னவோ செவித்திறனைச் சோதித்துச் சரிசெய்கிற படிப்பு. திருப்பத்தூரிலிருந்து பெங்களூருக்கு வந்து அதைப் படித்து முடித்து, பெரிய சாலை ஒன்றில் இருந்த கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தேன். கண்ணாடிக் கதவு, ஏசி, உள்ளே வெளிச்சத்தம் புகாத சின்ன அறை. வருகிறவரை அந்த அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொல்வேன். பிறகு மெஷினை மாட்டிவிட்டு, "இப்ப கேக்குதுங்களா?" என்பேன். அவ்வளவு அமைதியான அறையில் யாருக்குத்தான் கேட்காது? அவர் முகம் மலரும். கூட வந்த மகனோ மகளோ கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அரை மணி நேரத்தில் அடுத்த ஆள் வந்து உட்கார்ந்திருப்பார்.

ஆறு மாதம் கழித்து அதே ஆள் திரும்பி வருவார். மெஷின் அதன் டப்பாவில் வரும், காதில் இருக்காது. ஒரே இரைச்சலாக இருக்கிறது, தலை வலிக்கிறது என்பார். நான் ஒலியைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்து அனுப்புவேன். வீட்டுக்குப் போனதும் அது மறுபடி டிராயருக்குள் போய்விடும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அப்படி மூன்று தடவை வந்தவர்களில் ஒக்கலிபுரத்துக்காரர் ஒருவர் உண்டு. தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்றாம் தடவை அவர் எந்தக் குறையும் சொல்லவில்லை. டப்பாவை மேசைமேல் வைத்து, "வேற யாருக்காவது குடுத்துடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதற்கெல்லாம் எங்கள் கிளினிக்கில் அனுமதி கிடையாது. அந்த ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பையும் அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு நானாகவே அவர் வீட்டுக்குப் போனேன்.

வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை. மெஷினை அவர் காதில் மாட்டி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, ஒரு வண்டி போயிற்று. மனிதர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். எங்கள் கிளினிக் அறையில் ரயில் வந்ததே இல்லை. அங்கே மிக்சி ஓடாது, மாடித் தொட்டியில் தண்ணீர் விழாது, சமையலறையிலிருந்து யாரும் முதுகைக் காட்டிக்கொண்டு பேச மாட்டார்கள். இந்த வீட்டில் அத்தனையும் இருந்தது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து, ஒவ்வொரு வண்டி போகும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன். ஐந்தாவதோ ஆறாவதோ போனபோது அவர் காதைப் பொத்தவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, "இது கூட்ஸ் வண்டி" என்றார்.

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி உள்ளேயிருந்து, "காப்பி போடட்டா?" என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியவர், "போடு, போடு. சர்க்கரை கம்மியா போடு" என்றார். சமையலறையில் சட்டென்று பாத்திரச் சத்தம் நின்றது. அந்த அம்மாள் கரண்டியோடு வெளியே வந்து கணவரைப் பார்த்தார். திரும்ப உள்ளே போனார். பிறகு நெடுநேரம் காப்பி வரவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இதையே வேலையாக வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது. வீட்டுக்கு வீடு போய், அவர்கள் இருக்கிற இடத்திலேயே உட்கார்ந்து, அவர்களுக்குக் கேட்கிற வரைக்கும் இருந்துவிட்டு வருவது. காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டைச் சுற்றியே எத்தனை வயதானவர்கள் இருக்கிறார்கள்! பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து விலை உயர்ந்த மெஷின் வாங்கித் தந்திருப்பார்கள். மாட்டிப் பழக்க ஆள் இருக்காது. பஸ்ஸை விட்டு இறங்கும்வரை எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

அதன் பிறகு இரண்டு வருடம் பயந்தேன்.

முதலில் சொல்ல வேண்டியது, எனக்குக் கதவு தட்டப் பயம். முன்பின் தெரியாத வீட்டு வாசல் மணியை அழுத்துவதற்குள் அந்தத் தெருவை இரண்டு தடவை சுற்றிவிடுவேன். பள்ளிக்கூடத்தில் கொடிநாள் உண்டியலோடு அனுப்பியபோதுகூடத் தோழியைத் தட்டச் சொல்லிவிட்டு அவள் முதுகுக்குப் பின்னால் நின்றவள் நான். கிளினிக்கில் மனிதர்கள் என்னைத் தேடி வந்தார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்ததால் மேடம் என்றார்கள். கோட்டு இல்லாமல், தோளில் ஒரு பையோடு கேட்டுக்கு வெளியே நின்றால் நான் யார்? கிரைண்டர் விற்க வந்தவளா? மகள் பத்தாவது முடித்துப் பியூசி சேரப் போகிற சமயம் வேறு. எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. இந்த வயதில் தோற்றுவிட்டால் மறுபடி யார் வேலை கொடுப்பார்கள்?

என் கணவர் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவர். மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவர், என்னைவிட நிதானமான ஆள். விஷயத்தைச் சொன்ன அன்றைக்கே, "செய். நான் இருக்கறேன்ல" என்றுவிட்டார். அவர் ஒரு தடவைகூடக் கலங்கி நான் பார்க்கவில்லை. நான் ஒரு பயத்தைச் சொன்னால் அதற்கு ஒரு வழி வைத்திருப்பார். ஸ்கூட்டர் பழசு என்றேன், சர்வீசுக்கு விட்டு எடுத்து வந்தார். யாருக்கும் தெரியாதே என்றேன், தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் நோட்டீஸ் எழுதி, கன்னடத்தில் இருந்த பிழைகளைச் சக ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொண்டு வந்தார். எனக்கு நன்றியாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு எரிச்சலும் இருந்தது. ஒரே வீட்டில் ஒருவர் இவ்வளவு தைரியமாக இருந்தால் மற்றவருக்குத் தன் பயம் இன்னும் பெரிதாகத் தெரியும்.

ராஜினாமா கடிதத்தை எழுதி மூன்று வாரம் கைப்பையிலேயே வைத்திருந்தேன். கொடுத்த அன்று அதன் மடிப்புகள் அழுக்காகியிருந்தன. என் மேலதிகாரி கன்னடக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்த பெண்மணி. என்னை அந்த வேலைக்கு எடுத்தவரே அவர்தான். படித்துவிட்டு, ஒரு வாரம் யோசித்துச் சொல்லுங்கள், அதுவரை இதை நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன் என்றார். இப்போதே கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஒரு வாரம் கொடுத்தால் அந்தக் கடிதத்தை நானே திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடுவேன் என்று எனக்குத் தெரியும்.

முதல் மாதம் நாலைந்து வீடுகளுக்குப் போனேன். எல்லாம் தெரிந்தவர்கள் மூலம் வந்தவை. இரண்டாம் மாதம் அதுவும் குறைந்தது. மருந்துக் கடைகளில் நோட்டீஸ் வைத்தேன். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாட்ச்மேன் இன்டர்காமில், "காது மெஷின்காரி ஒருத்தர் வந்துக்கீறாங்க" என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்பேன். பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் பதில் வரும். ஒருநாள் ஒரு வீட்டில் மருமகள் கம்பிக் கதவுக்கு உள்ளேயிருந்தே பேசினாள். மாமனாருக்கு எல்லாம் நன்றாகக் கேட்கிறது என்றாள். அவளுக்குப் பின்னால் அந்தப் பெரியவர் சோபாவில் உட்கார்ந்து, ஒலியை நிறுத்திய டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஏனோ கைகூப்பினார். கதவு மூடிவிட்டது. அன்றைக்கு நான் வேறு எந்த மணியையும் அழுத்தவில்லை. ஒரு பேக்கரியில் போய் உட்கார்ந்து இரண்டு டீ குடித்துவிட்டு, வழக்கமாகத் திரும்பும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்தேன்.

"எப்படிப் போச்சு?" என்றார் கணவர்.

"நல்லாப் போச்சு" என்றேன்.

மூன்றாம் மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. சாயங்காலம் நாலு மணிக்கு ஒரே ஒரு வீடு, அதுவும் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. காலையில் கணவரும் மகளும் கிளம்பிப் போன பிறகு, கிளினிக்குக்குப் போகும் நாட்களில் கட்டுகிற காட்டன் புடவையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வேலையைத் திரும்பக் கேட்கப் போகிறேன் என்று கணவரிடம் சொல்லவில்லை. அவ்வளவு நம்பிக்கையாக இருந்த மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது?

மேலதிகாரி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்து உட்காரவைத்தார். தண்ணீர் கொடுத்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பதற்குள், "நிம்ம யஜமான்ரு பந்தித்ரு" என்றார். உங்கள் வீட்டுக்காரர் வந்திருந்தார்.

எனக்குப் புரியவில்லை. எப்போது என்று கேட்டேன்.

நான் வேலையை விட்ட முதல் வாரமே வந்தாராம். பள்ளிக்கூடத்தில் அரை நாள் லீவு போட்டுவிட்டு, நான் இப்போது உட்கார்ந்திருக்கிற இதே நாற்காலியில் உட்கார்ந்து, இந்தத் தொழில் சரியாக வராவிட்டால் அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டாராம். கொஞ்ச நாளைக்கு அந்த இடத்தில் தற்காலிகமாகத்தான் ஆள் வைப்பேன் என்று மேலதிகாரியும் வாக்குக் கொடுத்திருக்கிறார். தான் வந்ததை எக்காரணம் கொண்டும் உங்களிடம் சொல்லக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டார், ஆனால் இப்போது நீங்களே வந்துவிட்டீர்களே என்று சிரித்தார். திங்கட்கிழமை வாருங்கள், உங்கள் மேசை அப்படியே இருக்கிறது என்றார்.

முதலில் கோபம் வந்தது. மூன்று மாதமாக நான் பார்த்த அந்தத் தைரியம் பொய்யா? அப்புறம் கோபம் போய், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, பெரிய நிம்மதி வந்தது. மேசை இருக்கிறது, மாதச் சம்பளம் இருக்கிறது, யார் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டாம். சரி என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. என்ன தோன்றியதோ, திங்கட்கிழமை காலையில் போன் பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நாலு மணிக்குப் போன வீட்டில் இருந்தவர், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்ற அம்மா. வயது எண்பதுக்குப் பக்கம். தனியாக இருக்கிறார். ஒரு காலத்தில் ஒரே நேரத்தில் நாலு லைனைக் காதில் வாங்கியவளாக்கும் நான் என்று அவரே சொன்னார். மகன் ஆஸ்திரேலியாவிலிருந்து அனுப்பிய மெஷின் பஞ்சு சுற்றி, பிஸ்கட் டின்னில் இருந்தது. நான் சுத்தம் செய்து மாட்டி, வழக்கம்போல் டிவி, மிக்சி, வாசல் மணி என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்க ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார்.

"வீட்டுல எனக்கு என்னத்தைக் கேக்கணும் கண்ணு? என்கிட்ட பேச இங்க யார் இருக்காங்க? எனக்குக் கோயில்ல கேக்கணும். அதைப் பண்ணிக் குடு."

பக்கத்தில் இருக்கிற மாதா கோயில் அது. ஐம்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்குப் போனவர், கடைசி இரண்டு வருடமாகப் போகவில்லை. உயரமான கூரை, புது ஸ்பீக்கர்கள், எல்லாச் சத்தமும் ஒன்றோடொன்று மோதி வருகிறது. யாராவது பேசினால் வாயைப் பார்த்துத் தலையாட்ட வேண்டியிருக்கிறது. தவறான இடத்தில் தலையாட்டி ஒருநாள் அவமானமாகிவிட்டது என்றார். இதை அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சரிசெய்ய முடியாது என்று எனக்குத் தெரிந்தது.

"அப்ப ஞாயித்துக்கிழமை நானும் உங்ககூட வரேன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் நினைவு வந்தது, திங்கட்கிழமைக்கு வேறொரு இடத்தில் பாதி ஒப்புக்கொண்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று.

அன்று மாலை கணவர் திரும்பும் நேரத்தில் நான் கீழே வண்டி நிறுத்தும் இடத்திலேயே போய் நின்றுகொண்டேன். மகள் முன்னால் பேச வேண்டாம் என்று நினைத்தேன். அவர் ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டார்.

"நீங்க எங்க ஆபீசுக்குப் போயிருந்தீங்களா?" என்று கேட்டேன்.

ஹெல்மெட்டைக் கழற்றப் போன கை அப்படியே நின்றது. "யார் சொன்னாங்க?"

"மேடம்தான்."

"நீ எதுக்கு அங்க போன?"

மேல்வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டார் போட வந்தார். நாங்கள் ஓரமாக ஒதுங்கி அவருக்கு வழிவிட்டு, அவர் போகும்வரை இரண்டு பேரும் ஸ்கூட்டரின் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கணவர் இன்னும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. நான்தான் அதன் முன்கண்ணாடியைத் தூக்கிவிட்டேன். கண் கலங்கியிருந்தது.

"எனக்குப் பயமா இருந்துச்சு" என்றார். "உன்கிட்ட சொன்னா நீ விட்டுடுவ. அதனால சொல்லல."

"நீங்க பயப்படவே மாட்டேங்கறீங்கன்னு நான் என்னைத்தான் தெனமும் திட்டிக்கிட்டு இருந்தேன்."

"பயப்படாமயா? தெனமும் முதல் பீரியட்ல பசங்களுக்கு என்ன நடத்தறேன்னே எனக்குத் தெரியாது. உனக்கு யாராச்சும் போன் பண்ணியிருப்பாங்களான்னே ஓடிட்டிருக்கும்."

அந்த ஹெல்மெட்டோடு அவர் அழுததைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு படியில் உட்கார்ந்து, மூன்று மாதமாக வைத்திருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னோம். பேக்கரியில் குடித்த இரண்டு டீயைப் பற்றிக்கூடச் சொன்னேன். ஆச்சரியம் என்னவென்றால், நாங்கள் ஒரே விஷயத்துக்குப் பயப்படவில்லை. நான் வாசலில் நிற்பதற்கும் தோற்பதற்கும் பயந்திருக்கிறேன். அவர், ஏதோ ஒரு வீட்டு நாய் என்னைக் கடித்துவிடுமோ, ரிங் ரோட்டில் லாரி எதுவும் இடித்துவிடுமோ, ஆள் சரியில்லாத வீட்டுக்குள் நான் தனியாகப் போய்விடுவேனோ, எல்லாம் போய் நான் பேச்சே இல்லாதவளாக ஆகிவிடுவேனோ என்று பயந்திருக்கிறார். என் பயத்தில் அவர் எங்குமே இல்லை. அவர் பயம் முழுக்க நான்தான் இருந்தேன். அது எனக்கு உறைத்தது.

என்ன செய்வது என்று அவரையே கேட்டேன். அதை நீதான் சொல்ல வேண்டும் என்றார். "திங்கக்கிழமை ஆபீசுக்குன்னா நான் கொண்டு விடறேன். ஞாயித்துக்கிழமை கோயிலுக்குன்னாலும் நானே கொண்டு விடறேன். ரெண்டுக்கும் போனாலும் சரி."

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா பட்டுப்புடவை கட்டித் தயாராக இருந்தார். ஃபாதரிடம் முன்பே போனில் சொல்லி வைத்திருந்தார். எனக்கு ஒரு பூசையில் முழுக்க உட்கார்வது அதுதான் முதல் தடவை. எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று அவரைப் பார்த்தே செய்தேன். மெஷினை என் போனோடு இணைத்து, போனை மடியில் சேலைத் தலைப்புக்குள் மறைத்து வைத்துக்கொண்டேன். கோயிலில் உட்கார்ந்து வாட்ஸ்அப் பார்க்கிறாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்ற கவலை. அவர் உட்கார்ந்த இடம் ஒரு ஸ்பீக்கருக்கு நேர் கீழே. இடம் மாறி உட்கார்ந்தால் பாதிப் பிரச்சினை தீரும் என்று காதருகே சொன்னேன். இது அவரும் காலமான கணவரும் கல்யாணமான வருடத்திலிருந்து உட்கார்ந்த பெஞ்சாம். நகர மாட்டேன் என்றுவிட்டார்.

எனவே அந்த ஸ்பீக்கரோடு மல்லுக்கட்டினேன். பாட்டுக் குழு ஆரம்பித்தபோது அவர் முகம் சுளித்தது. மேல் சுருதியைக் குறைத்தேன். பைபிள் வாசகம் படித்தபோது கண்ணை இடுக்கினார். முன்னாலிருந்து வரும் ஒலியை மட்டும் கூட்டினேன். எதிரொலியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினேன். பிரசங்கம் தொடங்கிச் சில நிமிடங்கள் அவர் அசையாமல் இருந்தார். கேட்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயம். அப்போது அவர் என் பக்கம் சாய்ந்து, தன் குரலின் அளவு தெரியாமல், மூன்று வரிசைக்குக் கேட்கும்படி சொன்னார்:

"ஃபாதருக்குச் சளி பிடிச்சிருக்குது போல."

முன் பெஞ்சில் தோள்கள் குலுங்கின. ஃபாதர் ஒரு கணம் நிறுத்தி, கைக்குட்டையை எடுத்துக்கொண்டு சிரித்தபடி தொடர்ந்தார். அந்த அம்மா அதையெல்லாம் கவனிக்கவில்லை. நாடியைத் தூக்கிக்கொண்டு பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் நீர் வழிந்துகொண்டிருந்தது. நான் போனை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் நாலைந்து பேர் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். இரண்டு வருடத்துக் கதை. யார் மகளுக்குக் கல்யாணம், யார் வீடு விற்றார்கள், யார் காலமானார்கள். அவர் கேள்வி கேட்டார், பதிலைக் கேட்டார், திரும்ப வேறு கேட்டார். என்னைச் சுத்தமாக மறந்துவிட்டார். நான் கேட்டருகே பையோடு நின்றுகொண்டிருந்தேன். கணவர் ஸ்கூட்டரில் வந்து, முடிந்ததா என்று கேட்டார். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். அவரும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். வெயில் ஏறுகிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் அங்கே நின்றோம். எனக்கு அவசரமே இல்லை.

திங்கட்கிழமை காலையில் மேலதிகாரிக்குப் போன் பண்ணி, நான் வரவில்லை என்றேன். பயம் போய்விட்டதால் எடுத்த முடிவு அல்ல அது. பயம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அந்தக் கோயில் வாசலை விட்டுவிட்டு மறுபடி அந்தச் சத்தம் புகாத அறைக்குள் போய் உட்கார என்னால் முடியாது என்று தெரிந்துவிட்டது. மேலதிகாரி கோபித்துக்கொள்வார் என்றே நினைத்தேன். ஆனால் அவர் கேட்டார், மெஷினை டப்பாவில் போட்டுத் திரும்பக் கொண்டு வருகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்களே, அவர்களுக்கு உங்கள் நம்பரைக் கொடுக்கட்டுமா என்று.

அந்த அம்மா மூலம் கோயிலிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்தார்கள். மேலதிகாரி அனுப்பி நிறையப் பேர் வந்தார்கள். இப்போது மூன்று வருடம் ஆகிறது. மர்பி டவுனில் ஒரு சின்ன அறை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். என்னோடு படித்து, குழந்தைக்காக வேலையை விட்டிருந்த தோழி ஒருத்தி வாரத்தில் நாலு நாள் வந்து பாதி வீடுகளைப் பார்த்துக்கொள்கிறாள். சில மாதங்கள் நன்றாகப் போகின்றன. சில மாதங்கள் இழுக்கின்றன.

இழுக்கிற மாதத்தில் யாருக்கு முதலில் பயம் வருகிறதோ அவர் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும் என்பது எங்களுக்குள் ஏற்பாடு. போன மாதம் அவர்தான் முதலில் சொன்னார். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "சொல்லுங்க" என்று அவருக்கு எதிரே போய் உட்கார்ந்தேன்.